பாறு இறங்கிய மேடு

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால் கோவைக்கு வரும் உங்கள் தங்கையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

புலி அடித்த நம் பசுவைப் புதைக்க வேண்டாம், பாறுக்கழுகுகள் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்று மதியமே அவை இறங்கித் தின்றன. மறுநாள் இறக்கையை விரித்தபடி மேடெல்லாம் செத்துக் கிடந்தன. மிச்ச இரையைத் தின்னப் புலி மட்டும் திரும்பி வரவில்லை.

வனக்காவலர் வந்தார். "ஏனுங்க, மாட்டு மேல மருந்து ஏதாச்சும் தடவுனீங்களா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். அவர் போன பிறகு கொட்டகையில் பார்த்தேன். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து டப்பாவைக் காணோம்.

இப்போது கனகமணி அக்காவின் எருமை செத்து ஓடைக்கு மேலே அழுகுகிறது. நாய்கள் இழுத்துக்கொண்டு திரிகின்றன. தண்ணீர் நாறுகிறது. "பாறு இருந்திருந்தா இந்நேரம் எலும்புதான் மிஞ்சியிருக்கும்" என்று அக்கா என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

கிளம்பும்போது நம் நாயை மட்டும் கட்டிப்போடச் சொன்னீர்களே, அது ஏன்? அன்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்காமல் இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ரேஞ்சரே வருகிறாராம். இன்னொரு முறை தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதற்குள் நீங்களே வந்து அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன். வராவிட்டால் நானே சொல்லிவிடுவேன்.

இன்னும் உங்களை நம்பப் பார்க்கும்,
உங்கள் மனைவி