வடக்கு எல்லை: வெள்ளவாய்க்கால்

நவம்பர் 6, வியாழன்

காலையில் மழை. பத்து மணிக்கு வெயில். யாருடைய உதவியும் இல்லாமல் எழுதுகிறேன், எழுபத்திரண்டு வயதில். ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

முதியோர் வகுப்பு ரீச்சர், "வீட்டிலை கிடக்கிற கடதாசி எல்லாத்தையும் வாசியுங்கோ ஐயா" என்றார். சீனிப் பை வாசித்தேன். மருந்துப் பெட்டி வாசித்தேன். பிறகு காணி உறுதி, இந்த நிலத்தின் பத்திரம். அதற்கு இரண்டு நாள். "கிழக்கு ஒழுங்கை. வடக்கு வெள்ளவாய்க்கால்."

வடக்கே இப்போது இருப்பது என் மதில். வாய்க்காலின் மேலேயே நிற்கிறது.

நவம்பர் 8, சனி

மூட்டம். முழங்கால் வலி.

மதிலுக்கு அப்பால் யோகம் வீடு. தாயும் மகளும் மட்டும். மழை பெய்தால் அவள் முற்றத்தில் தண்ணீர் நிற்கும். கக்கூஸ் குழி நிரம்பிக் கிணற்றில் கலக்கும். சுகாதாரப் பரிசோதகர் வந்து மருந்து போட்டார், குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று தொடங்கி என் கிணற்றில்தான் அள்ளுகிறாள். வாளியோடு ஒழுங்கையால் சுற்றி வர வேண்டும்.

மகள் ஆஸ்பத்திரியில். இந்த மாதம் பிள்ளை பிறக்கும்.

"குழந்தையோடை அவள் வர முதல் என்ரை கிணறு தெளிஞ்சால் காணும் அப்பு. துணி தோய்க்க, முழுக வாக்க, எத்தினை வாளி சுமக்கிறது?" என்றாள் யோகம்.

உறுதியில் வாசித்ததை அவளுக்கு நான் சொல்லவில்லை.

மதில் கட்டும்போது வாய்க்கால் தெரியாதா? தெரியும். எழுத்துத் தெரியாதவனிடம் யார் எல்லை கேட்பார்கள்? அந்த வசதி ஒன்று இருந்தது. இப்போது இல்லை.

வாங்க: கொப்பி, பென்சில், வெங்காயம்.

நவம்பர் 10, திங்கள்

யோகத்துக்கு முன்னால் உறுதியைச் சத்தமாக வாசித்தேன். வாளியை இறக்கி வைத்துக் கேட்டாள். பிறகு, "வடிவா வாசிக்கிறியள்" என்றாள். புகழ்ச்சியா ஏச்சா தெரியவில்லை.

மேசன் ராசனைக் கூப்பிட்டேன்.

"யானை முட்டினாலும் விழக்கூடாது எண்டு பக்கத்திலை நிண்டு கட்டுவிச்சனீங்கள். இப்ப நானே யானையோ அப்பு?"

நாளைக்கு வருவான்.

நவம்பர் 13, வியாழன்

மதில் போய்விட்டது. வாய்க்காலைத் தோண்டினோம். பால்மாத் தகர ரின், ஒற்றைச் செருப்பு, எப்போதோ தொலைந்த என் மண்வெட்டி.

மூன்று மணிக்கு மழை. தண்ணீர் ஓடியது. ஓடியது! யோகம் குடையை மறந்து நின்று பார்த்தாள். இந்தச் சொல்லை மூன்று தரம் எழுதலாம் போல இருக்கிறது. ஓடியது.

மேற்கே பக்கத்து வீட்டு மாஸ்ரர் வளவு வரை ஓடி, அங்கே நின்றுவிட்டது. மாஸ்ரர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவருடைய கார்க் கொட்டில் வாய்க்காலின் மேல். சீமெந்து போட்டது.

"மாஸ்ரர், உங்கடை உறுதியையும் ஒருக்கால் பாப்பமோ?"

"எழுத்துப் படிச்சு நாலு மாதம். அதுக்குள்ளை உறுதி எழுதுற நொத்தாரிசு வேலைக்கு வெளிக்கிட்டியளோ? முதல் ஐயன்னா ஒழுங்கா எழுதும்."

ஐயன்னா ஒழுங்காகத்தான் எழுதுகிறேன். ஐ. ஐ. ஐ.

நவம்பர் 17, திங்கள்

பிரதேச சபைக்குப் பஸ்ஸில். மாஸ்ரர் கொட்டில் பற்றிய முறைப்பாட்டுப் படிவத்தை நானே நிரப்பினேன். பெயர், விலாசம், கையொப்பம். பெருவிரல் மை இல்லை. வாழ்க்கையில் முதல் தரம். கிளாக்கர் பிள்ளை சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

பிறகு சொன்னாள்: "ஐயா, மாஸ்ரர் இடிச்சாலும் தண்ணி எங்கை போறது? அந்தப் பக்கத்துக் குளத்தைத் தூர்த்துக் கடை கட்டிப்போட்டினம்."

குளத்துக்கு எல்லைக்கல் இருந்ததே என்றேன். "அது கடைக்கு வாசல்படி இப்ப."

கோப்பு ஒன்று திறந்திருக்கிறார்களாம். வீட்டுக்கு வரும்போது மழை.

நவம்பர் 22, சனி

மூன்று நாள் விடாத மழை. வெள்ளம் யோகம் முற்றத்தில், என் முற்றத்தில். இரண்டும் ஒரே குளம். மாஸ்ரர் கொட்டிலில் முட்டித் திரும்பி வருகிறது.

இத்தனை காலம் என் கிணற்றைக் காத்தது அந்த மதில்தான். இப்போதுதான் விளங்குகிறது. காலையில் வாளி இழுத்தேன். நாற்றம்.

இரண்டு வீட்டுக்கும் இருந்த ஒரு நல்ல கிணறு.

ராசன் எட்டிப் பார்த்தான். "திருப்பிக் கட்டுறதோ அப்பு?" கட்டினால் வெள்ளம் முழுக்க யோகம் வீட்டில். கட்டாவிட்டால் இரண்டு வீட்டிலும்.

நவம்பர் 25, செவ்வாய்

யோகத்தின் மகளுக்குப் பெண் பிள்ளை. இரண்டு பேரும் சுகம். இங்கே கொண்டுவரவில்லை. மருமகனின் ஆட்கள் கிளிநொச்சிக்குக் கூட்டிப் போகிறார்கள். யோகமும் போகிறாள்.

"எப்ப திரும்பி வருவாய்?"

"தண்ணி சொல்லட்டும் அப்பு."

நவம்பர் 27, வியாழன்

சுகாதாரப் பரிசோதகர் வந்து என் கிணற்றையும் பார்த்தார். பலகை ஒன்று வைக்க வேண்டும், யாரையாவது பிடித்து எழுதுவியுங்கோ என்றார். நானே எழுதுவன் என்றேன்.

மிஞ்சிக் கிடந்த சிவப்புப் பெயின்ற். பழைய கதவுப் பலகை. "இந்தத் தண்ணீர் குடிக்க வேண்டாம்." காலை முழுக்க எடுத்தது. எழுத்து நேராக வந்திருக்கிறது. கிணற்றுக்கட்டில் கட்டித் தூர நின்று பார்த்தேன். ஒழுங்கையில் போகிறவர்களும் வாசிக்கலாம்.

பன்னிரண்டு மணிக்கு யோகம் உடுப்பு மூட்டையோடு சொல்லிக்கொண்டு போக வந்தாள். பழக்கத்தில் வாளியும் மற்றக் கையில். பலகைக்கு முன்னால் நின்று முழுதாக வாசித்தாள். வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள்.

"எழுத்து வடிவா இருக்கு, அப்பு."

வாளியை விட்டுவிட்டுப் போய்விட்டாள். மழை. வாளி நிரம்புகிறது.