தீபிகாவின் கடிதம்

செவ்வாய், இரவு.

எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாற்றில் இந்த வாரப் பாடம், கப்பல் கட்டணத்துக்காகப் பல வருட உழைப்பை எழுதிக்கொடுத்துவிட்டு வந்த ஒப்பந்தக் கூலிகள். அவர்களில் ஒருவராக ஊருக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தேன்.

தீபிகாவின் கடிதத்தில் கப்பலே இல்லை. "என் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. அம்மா செத்தபோதும் தரவில்லை" என்று எழுதியிருந்தாள். இந்த வளைகுடா ஊரில் எங்கள் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்கா தன்னைப் பற்றிச் சொன்னதாம்.

துறைத்தலைவி படித்தார். "இதச் சுவர்ல ஒட்டாதீங்க. மார்க்கையும் குறைச்சிடுங்க. அடுத்த மாசம் ஸ்கூல்தான் உங்க விசாவப் புதுப்பிக்கணும்ல?"

பத்துக்கு நான்கு போட்டேன்.

"நான் என்ன மிஸ் தப்பா எழுதினேன்?" என்று தீபிகா கேட்டாள்.

"அந்தக் காலத்துல ஏதும்மா பாஸ்போர்ட்?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

மாலையில் பேருந்தில் ஏறியதும் செல்வி அக்கா என் பையை வாங்கி வைத்தார். "புள்ள நல்லா எழுதியிருந்துச்சா டீச்சர்? எங்கிட்ட கேட்டுத்தான் எழுதுச்சு."

"நல்லா எழுதியிருந்தா" என்றேன். நான் இறங்கும் ரோலா நிறுத்தம் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். நாளைக் காலையும் அதே பேருந்தில்தான் போக வேண்டும்.