தண்ணீரில்லாத ஆற்றுக்கு ஒரு நாள் சுற்றுலா

மாப்ள,

நேற்று ஃபுஜைரா மலைப்பக்கம் நல்ல மழை. மதியம் ஆபீஸில் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்று ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டு மலைகளுக்கு நடுவே செம்மண் நிறத்தில் வெள்ளம் உருண்டு வருகிறது. கரையில் ஒற்றை இலந்தை மரம். நிழலுக்காக நீ பஸ்ஸை ஒட்டி நிறுத்துவாயே, அதே மரம். "ஐயோ, இது எங்க ஆறு!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தச் செய்தியின் அருமை உன் ஒருத்தனுக்குத்தான் தெரியும், அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எத்தனை வருடம் அந்த இடத்தைக் காட்டி உலகத்தை ஏமாற்றினோம்! ஏமாற்றினோம் என்பதும் தப்பு. துபாய்க்கு மாநாட்டுக்கு வருகிறவர்களை ஒரு நாள் ஊர்சுற்றிக் காட்டுவது நம் கம்பெனியின் வேலை. நீ டிரைவர், நான் கைடு. அன்றைய நிகழ்ச்சியைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தது நான்தான்: காலையில் மலை, மதியம் ஆறு, மாலையில் கோட்டை. மலை இருந்தது. மண்ணால் கட்டியது என்றாலும் கோட்டையும் இருந்தது. ஆற்றில்தான் தண்ணீர் இல்லை. மணல், கூழாங்கல், நடுவில் நாலு ஆடு. பரமக்குடியில் பிறந்து வைகையைப் பார்த்து வளர்ந்த நம் இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இந்தப் பக்கம் ஒரு கரை, அந்தப் பக்கம் ஒரு கரை, நடுவில் மணல். இதற்கு மேல் ஓர் ஆற்றுக்கு என்ன வேண்டும்?

பல் டாக்டர்கள் கூட்டம் ஒன்று நீச்சல் உடையோடு வந்து இறங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் கூழாங்கல்மேல் அங்குமிங்கும் தேடி நடந்தார். நீ ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே புகார் வந்தது. மேனேஜர் காகிதத்தை என் முன்னால் போட்டு இந்தியில் திட்டியதன் சுருக்கம்: ஆயிரம் காகிதம் அச்சடித்தாகிவிட்டது, மாற்ற முடியாது. இன்னொரு புகார் வந்தால் கலாஸ், எல்லாம் முடிந்தது, உன் விசா கேன்சல்.

அந்த வாரம்தான் என் மனைவிக்கும் மகளுக்கும் ஃபேமிலி விசாவுக்குக் கொடுத்திருந்தேன். மகள் பிறந்து ஒன்பது மாதம் ஆகியும் நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. போன் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டால் அவள் அழுவது கேட்கும், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். என் விசா போனால் அவள் வருவதும் போச்சு.

பட்ட காலிலே படும் என்பது சும்மாவா? அடுத்து வந்தவர்கள் நீர்வள மாநாட்டுக்காரர்கள். ஆறுகளை அளப்பதே பிழைப்பாக உள்ள இருபத்தெட்டுப் பேர்! "வயித்துவலின்னு லீவு போட்டுர்றேன்டா" என்றேன். "நீ லீவு போட்டா ஆத்துல தண்ணி வந்துருமா? ஏறு வண்டியில" என்றாய்.

அவர்களின் தலைவி, நரைத்த கிராப்பு, கையில் நம் காகிதம். ஆற்றுக்கென்றே முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு வந்திருந்தார். இறங்கியதும் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "ஆறு எங்கே?" என்றார். போன் போடாமலே மகளின் அழுகை என் காதில் கேட்டது.

டயர் மணலில் புதைந்தால் தோண்டுவதற்கென்று வைத்திருந்த மண்வெட்டியோடு நீ பஸ்ஸிலிருந்து இறங்கினாய். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அரளிச்செடி பச்சைப்பசேலென்று நின்ற வளைவில் போய், பேன்ட்டைச் சுருட்டிவிட்டுத் தோண்ட ஆரம்பித்தாய்.

"என்னடா பண்றே?"

"ஊத்துத் தோண்டுறேன். பாத்தாத் தெரியலயா? நீ அவுகளுக்கு வெளக்கஞ் சொல்லு."

வைகை மணலில் குடத்தோடு போய் நம் ஊர்ப் பெண்கள் தோண்டுவார்களே, அந்த ஊற்று. முழங்கை ஆழத்தில் மணல் ஈரமானது. இன்னும் கொஞ்சம் போனதும் அடியில் கலங்கலாகத் தண்ணீர் கசிந்தது. இருபத்தெட்டு நிபுணர்களும் குழியைச் சுற்றி மண்டியிட்டார்கள். தலைவி குப்புறப் படுத்தே விட்டார். பைகளிலிருந்து குழாயும் அளவுகோலும் வெளியே வந்தன. "ஆறு கீழே ஓடுகிறது" என்றேன். கைடாகி நான் சொன்ன முதல் உண்மை அதுதான். அப்புறம் ஆளுக்கொரு ஊற்றுத் தோண்டியே தீரவேண்டுமாம். மண்வெட்டிக்கு வரிசை நின்றது. "யல்லா, யல்லா! கெளம்புங்க, கோட்டையப் பூட்டிருவான்" என்று நீ கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. அன்று யாரும் கோட்டையைப் பார்க்கவில்லை.

அதற்கும் ஒரு புகார் வந்தது. ஆற்றுக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லையாம். மேனேஜர் குளிர்ந்துபோய், இனி வாராவாரம் தோண்டு என்று சொல்லிவிட்டார். உன் முதுகு போயிற்று. கோடையில் ஊற்று வற்றியபோது நாம் முன்கூட்டியே போய் இரண்டு கேன் குடிதண்ணீரைக் குழியில் ஊற்றிவைத்த பாவத்தை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

முதன்முதலாக ஊற்றுத் தோண்டிய அன்று, எல்லோரையும் ஹோட்டலில் இறக்கிவிட்டு ரோலாவில் இருந்த நம் ரூமுக்குத் திரும்பும்போது உன்னைக் கேட்டேன், "தண்ணி வரும்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"யாருக்குத் தெரியும்? வராட்டி என்ன, அவய்ங்க அரைமணி நேரம் குழியப் பாத்துக்கிட்டு நிப்பாய்ங்க. அதுக்குள்ள நீ ஒரு பொய்ய யோசிச்சிருக்க மாட்டியா?"

ஏர்போர்ட்டில் மகள் என்னைப் பார்த்து வீறிட்டு அழுதுவிட்டு உன்னிடம் தாவியதும், பார்க்கிங் வரைக்கும் நீ அவளை இறக்காமல் என்னை வெறுப்பேற்றியதும் உனக்கு மறந்திருக்காது. அவளுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. உன் பேச்சு வந்தால் இன்றைக்கும் உன் கட்சிதான்.

நீ லீவில் ஊருக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டாய். நான் விமானம் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பக்கத்தில் இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து, என் முன்னால் எவனாவது முகம் வெளிறி நின்றால் நான் என்ன ஏது என்று கேட்பதில்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஏதாவது ஒன்றை ஆரம்பித்துவிடுகிறேன். நான்கில் மூன்று தடவை ஒன்றும் வருவதில்லை மாப்ள. ஆனால் அந்த அரைமணி நேரம் அவனுக்குக் கிடைத்துவிடுகிறது.