சுவரில் இருந்த ஒன்றரை

மே 4
வாலு இன்று தண்ணீர்மேல் மல்லாந்து மிதந்தாள். கை கால் எதையும் ஆட்டவில்லை. கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி வயிறு மட்டும் மேலே தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்கும்படி "என் பேத்தி" என்றேன். யாரும் கேட்கவில்லைதான். கேட்காவிட்டால் சொல்லக் கூடாதா?

மகன் விடியும் முன்பே பஸ் ஓட்டப் போய்விடுகிறான். மருமகளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை வேலை. விடுமுறை முழுக்கப் பிள்ளையை நகராட்சி நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில் அக்கா. அவள் ஊதுவதற்கு முன்னால் யார் கால் நனைத்தாலும் அன்று முழுக்கக் கரையில் உட்கார வேண்டும். பெரியவர்களும் பிள்ளைகளை இறங்கச் சொல்லக் கூடாதாம். என்னைப் பார்த்தே சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நாலு பிள்ளை பெற்றவளுக்கு இவள் பாடம் எடுக்கிறாள்.

மே 7
மருந்துக்கடைக்காரம்மா தன் பேரனைச் சேர்த்திருக்கிறாள். அவன் காற்றடைத்த வளையத்தை விட்டு வெளியே வர மாட்டேன் என்று அழுகிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. "எங்க பிள்ளைக்கு வளையமே தேவைப்படல" என்று மட்டும் சொன்னேன்.

மே 9
ராத்திரிச் சாப்பாட்டின்போது மருமகள் கேட்டாள், "ஏன் அத்தை, தினமும் இவ பெருமையைப் பேசிப் பேசித் தொண்டை வறளலையா?" குளத்தில் தண்ணீருக்கா பஞ்சம் என்றேன். அவளுக்குப் புரையேறிவிட்டது.

மே 11
இத்தனை நாள் மூடிக் கிடந்த பெரிய குளத்தை நாளை திறக்கிறார்கள். புது பெயிண்ட், சுவரெல்லாம் பளபளவென்று இருக்கிறது. வாலு இதுவரை சின்னக் குளத்தில்தான்.

மே 12
பிள்ளை ஆஸ்பத்திரியில். எழுத வரவில்லை.

மே 13
எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

விசில் அக்கா உடை மாற்றும் அறையில் சின்னதுகளைத் தயார் செய்துகொண்டிருந்தாள். நாங்கள் பெரிய குளத்தின் ஓரத்தில் நின்றோம். உள்ளே ஒருவரும் இறங்கவில்லை. தண்ணீருக்கடியில் தரை கிட்டத்தில் இருப்பது போலத் தெரிந்தது. மருந்துக்கடைக்காரம்மா கேட்டாள், "உங்க பேத்தி இதுல இறங்குவாளா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சுவரைப் பார்த்தேன். நீலத்தில் 1.5 என்று எழுதியிருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் ஆயிற்றே நான், தசமப் புள்ளி தெரியாதா? அவளுக்கே விளக்கினேன், புள்ளி ஐந்து என்றால் பாதி, ஆக ஒன்றரை. "ஒன்றரை அடிதான். இடுப்புக்குக்கூட வராது."

பிள்ளையிடம் குதித்துக் காட்டு என்றேன்.

"விசில் அக்கா திட்டுவாங்க பாட்டி."

"நான் இருக்கேன்ல?"

அது மீட்டராம். ஒன்றரை மீட்டர். அவள் தலைக்கு மேல். பழைய பெயிண்டில் எல்லாம் அடிக் கணக்காக இருந்தது, சின்னக் குளத்தில் இன்றைக்கும் அடிதான். புதிதாக எழுதியவன் எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டான். சரி, அவன்மேல் போட்டுவிடலாம். குதி என்று சொன்னது அவனா?

மூழ்குகிறவர்கள் கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் கத்தவே இல்லை. வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்து திறந்தது, மூடியது. இல்லாத ஏணியில் ஏறுகிற மாதிரி கைகள் தண்ணீரை அழுத்தின. பிறகு தலை உள்ளே போனது. நான் மருந்துக்கடைக்காரம்மா பக்கம் திரும்பி — இதை எப்படி எழுதுவேன் — "பாருங்க, மூச்சடக்கிக் காட்டுறா" என்றேன்.

விசில் அக்கா உடுத்திய துணியோடு குதித்தாள்.

மே 14
தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே மகன் விசில் அக்காவைப் பிடித்துக்கொண்டான். பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போனாய், உன் வேலையே போகும்படி செய்கிறேன் என்றெல்லாம் கத்தினான். அவள் என் பேரை இழுக்கவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்திருப்பேனோ என்னவோ.

"அவளை விடுடா. நான்தான் குதிக்கச் சொன்னேன்."

மகன் கையை எடுத்தான். மருமகள் நாற்காலியிலிருந்து எழுந்து, சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

மே 17
நுரையீரலில் சளியும் காய்ச்சலும். மூக்கில் குழாய். கண் திறக்கிறாளாம், மூடிக்கொள்கிறாளாம். என்னை உள்ளே விடவில்லை. பெற்றவர்கள் மட்டும்தான் போகலாம் என்று நர்ஸ் சொன்னாள். அது ஆஸ்பத்திரி விதியா, மருமகள் சொன்னதா? கேட்கப் பயமாக இருந்தது.

மே 18
காய்ச்சல் இறங்கவில்லை.

மே 19
இறங்கவில்லை.

மே 20
இறங்கியது.

மே 23
வீட்டுக்கு வந்துவிட்டாள். பாதி உடம்புதான் வந்திருக்கிறது. மூச்சை இழுத்தால் உள்ளே கரகரவென்கிறது. என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக, "பாட்டி, அது ஒன்றரை அடி இல்லையாம்" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியப்படுத்துகிறாள், அவ்வளவுதான். ஆமாம்மா என்றேன்.

மே 24
மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"நீங்க வேணும்னு செய்யல, அது எனக்குத் தெரியும் அத்தை. ஆனா இனிமே அவளை உங்ககிட்டத் தனியா விடமாட்டேன்."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கா வாய் இல்லை? கழுவிவைத்த பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினேன். நாளையிலிருந்து பிள்ளையைத் தன்னோடு வேலைக்கே கூட்டிப்போகிறாள். மருந்து வாடையில், வரவேற்பறை நாற்காலியில், மத்தியானம் வரைக்கும். நான் இங்கே கல் மாதிரி உட்கார்ந்திருப்பேன். மகள் வீட்டுக்குப் போய்விடலாமா என்று மகனிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்மா" என்றான். முன்பெல்லாம் போகாதே என்பான்.

மே 28
பிள்ளைக்குத் தலைக்கு ஊற்ற முடியவில்லை. குவளையைத் தூக்கினாலே மருமகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிடுகிறாள். ஈரத் துணியால் துடைத்துவிட்டார்கள். குளியலறைக்கு வெளியே துண்டோடு நின்றேன். துண்டை வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் 1
யாரும் இல்லாத நேரத்தில் விசில் அக்கா வந்தாள். என்னைவிட நாற்பது வயது சின்னவள், எழுந்து நின்றேன். பயம் கெட்டிப்படுவதற்குள் பிள்ளையை மறுபடி தண்ணீருக்குக் கொண்டுவர வேண்டுமாம். முதல் நாள் படியில் உட்கார்ந்து கால் நனைத்தால் போதும், அம்மாவும் கூடவே இறங்கட்டும் என்றாள். இன்னொரு நாள் பிள்ளை எங்காவது தவறி விழுந்தால் யார் குதிப்பார்கள் என்றும் கேட்டாள். மருமகளுக்குப் போன் செய்தாளாம், முடியாது என்று வைத்துவிட்டாளாம்.

"நீங்க எடுத்துச் சொல்லுங்க பாட்டி."

"நான் அனுப்புன்னு சொன்னா, அவ சாகிற வரைக்கும் அனுப்ப மாட்டா."

ஜூன் 3
செய்துவிட்டேன். சரியா தப்பா தெரியவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது மருமகளிடம் சொன்னேன். பிள்ளை இனிமேல் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது, நீச்சலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பெண்பிள்ளைக்கு எதற்கு அது, பயந்தால் பயந்துகொண்டே இருக்கட்டும், என் உயிர் இருக்கிற வரைக்கும் விடமாட்டேன் என்றேன். பழைய அதிகாரத்தோடு, குரலை உயர்த்தித்தான் சொன்னேன். அவள் அதைக் கோபம் என்று நினைத்திருப்பாள்.

சோற்றில் இருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எத்தனையோ நாள் கழித்து நேராகப் பார்த்தாள்.

"குதின்னு சொன்னதும் நீங்க. போகக் கூடாதுன்னு சொல்றதும் நீங்க. இவ என் பிள்ளை அத்தை. நான் முடிவு பண்ணிக்கிறேன்."

மகன், "சும்மா இரும்மா" என்றான்.

சும்மா இருந்தேன்.

ஜூன் 8
மருமகள் லீவு போட்டுவிட்டுப் பிள்ளையைக் குளத்துக்குக் கூட்டிப்போனாள். என்னிடம் சொல்லவில்லை. எங்கே என்று நானும் கேட்கவில்லை. திரும்பி வரும்வரை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க முடியவில்லை. பிள்ளையின் பாதம் மட்டும் நனைந்து, விரல் நுனி சுருங்கியிருந்தது.

ஜூன் 12
இடுப்பு வரை.

ஜூன் 16
தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அழுதாள், ஆனாலும் ஊற்றிக்கொண்டாள்.

ஜூன் 25
இன்று பெரிய குளத்தில், விசில் அக்கா பக்கத்திலேயே வர, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்தினாளாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனபோது, மருமகள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். என்னைக் காட்டி, "இவங்க பேச்சைக் கேட்டிருந்தா பிள்ளை ஆயுசுக்கும் தண்ணியைப் பார்த்து நடுங்கிட்டிருப்பா" என்றாள். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முன்பானால் ஒன்றுக்கு நாலாகக் கொடுத்திருப்பேன். அக்கம்பக்கம் முழுக்கக் கேட்கும்படி, பிள்ளை யாரால் மறுபடி குளத்துக்குப் போனாள் தெரியுமா என்று ஆரம்பித்திருப்பேன்.

"ஆமாம்மா, எனக்குக் கொஞ்சம் பயம் அதிகம்" என்றேன்.

அவர்கள் கீழே இறங்கிப் போனார்கள். பிள்ளையையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் போனாள். கொடியில் வாலுவின் நீச்சலுடை சொட்டிக்கொண்டிருந்தது. நாளைக் காலைக்கு அது வேண்டும். எடுத்து நன்றாகப் பிழிந்து, வெயில் விழுகிற பக்கமாகத் தள்ளிப் போட்டேன்.