எட்டாவது மொல்லே மரம்

கமார்கோ,
ஜூன் 3

அன்புள்ள செலெதோனியோவுக்கு,

உன் மனைவி எர்மெலிந்தா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அலுத்துப் போயிருக்கிறேன். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் கடிதமாக எழுதி, நீ இருக்கும் வலென்சியாவுக்குத் திரும்பும் உன் தங்கை பெட்ரோனாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அங்கே உனக்குக் கோடை, இங்கே குளிர்காலம். பனி இந்த வருடம் சீக்கிரமே விழுந்துவிட்டது. உன் அப்பாவுக்கு இடது காதும் போய்விட்டது. அவரைக் கூப்பிட்டால் கோழிகள்தான் வருகின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். சுற்றுலாக்காரர்களைக் கூட்டிவரும் ஒயின் பாதைப் பட்டியலுக்குத் தோட்டம் தோட்டமாகப் பார்த்து எழுதுகிற அம்மாள் போன வாரம் வந்தாள். ரொக்சானா என்று பெயர், சுக்ரே நகரத்துக்காரி. நம் வீடு அந்தப் பட்டியலில் ஏறிய அன்றே திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனாய்? ஆறு வருடம் ஆகிறது.

அந்தப் பட்டியலுக்காகத்தான் நம் திராட்சைக்கொடிகள் ஏறியிருந்த எட்டு மொல்லே மரங்களையும் போன ஆகஸ்டில் வெட்டச் சொன்னாய். திராட்சை மரத்தில் ஏறிக் கிடந்தால் பட்டிக்காட்டுத்தனம், மெண்டோசாவின் பெரிய ஒயின் தோட்டங்களில் இருப்பதுபோலக் கம்பம் நட்டுக் கம்பி இழு என்றாய். இழுத்தேன். மரத்தைக் கட்டிக்கொண்டே நூறு வருடம் வாழ்ந்த கொடிகள் கம்பியில் ஏற மாட்டேன் என்றுவிட்டன. பாதி காய்ந்துபோயிற்று.

ரொக்சானா உன் கம்பிகளை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. "கம்பியில காய்க்கிறதப் பாக்கணும்னா மெண்டோசாவுக்கே போயிருப்பேனே, அங்க ரோடாவது நல்லாருக்கும். மரத்துல ஏறுற திராட்சை இருக்குன்னுதான் இம்புட்டு தூரம் குலுங்கிக்கிட்டு வந்தேன். அந்த மரமெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டாள். "விறகாச்சு. நீங்க குடிக்கிற கடலை சூப் அதுலதான் கொதிச்சுது" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அப்போது உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் பெட்ரோனா பிரித்துப் படித்துவிடுவாள். விடு.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எட்டு மரமும் வெட்டியாயிற்று என்று உன்னிடம் போனில் சொன்னது பொய். ஏழு விழுந்ததைப் பார்த்தேன். எட்டாவதற்குக் கோடாலியை ஓங்கியபோது என்னால் தாங்க முடியவில்லை. வெட்டுகிறவரைப் போகச் சொல்லிவிட்டேன். ஆற்றோரம் இருக்கிறதே, அந்த மரம்.

அவளை அங்கே கூட்டிப்போனேன். தொடைப் பருமன் கொடியைத் தடவிப் பார்த்து, இதில் எப்படிப் பறிப்பீர்கள் என்றாள். இந்த வயதில் பாவாடையைச் செருகிக்கொண்டு ஏறிக் காட்டினேன். இறங்குவதற்குள் முட்டி இரண்டும் கழன்றுவிட்டன. உன் அப்பா வழக்கப்படி ஒயினின் முதல் சொட்டை மண்தாய்க்கு ஊற்றிவிட்டு, தான் குடித்த குவளையையே அவளிடம் நீட்டினார். வேறு குவளை கேட்பாளோ என்று பயந்தேன். குடித்துவிட்டுத் தன்னைக் கூட்டிவந்த டிரைவரிடம் நீட்டினாள், நம்மவள் மாதிரியே.

பிறகுதான் நோட்டைத் திறந்தாள். "இந்த ஒரு மரத்துக்காகவே ஆளுங்க வருவாங்க. மார்ச் அறுவடைக்கு முதல் கூட்டம்" என்றாள். நம் வீடு பட்டியலில் ஏறிவிட்டது, செலெதோனியோ. எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை, அடுப்படிக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

பெட்ரோனா சொன்னாள், அங்கே புதிதாக சோபா வாங்கியிருக்கிறாயாம். பெரியதாம், மூன்று பேர் உட்காரலாமாம். ஊருக்குத் திரும்புகிறவன் சோபா வாங்குவானா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

கிளம்பும்போது ரொக்சானா, "மார்ச்சுல மரம் ஏறிப் பறிக்க உங்க வீட்டுக்காரர் இருப்பார்ல?" என்றாள். இருப்பார் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

குவாதலூப்பே மாதா உன்னைக் காக்கட்டும். அங்கே குளிர் தொடங்கினால் நெஞ்சைத் திறந்து போடாதே. உன்னிடம் ஒரு பொய் சொன்னேன், அதை மன்னித்துவிடு. ரொக்சானாவிடம் சொன்னதை மட்டும் பொய்யாக்கிவிடாதே.

உன் மனைவி,
எர்மெலிந்தா