கள்ளில் ஊறிய இரும்பு

மே 14, வியாழன்

ஓம், கள்ளுத்தான். வேறு எதுவும் இல்லை.

மாலையில் ஜெர்மனியிலிருந்து ஷர்மிளா மின்தடை வரைபை அனுப்பினாள். இங்கே திருநெல்வேலி வளாகத்தில் எங்களிடம் திரவ ஹீலியம் இல்லை. அதனால் நான் செய்யும் மாதிரிகளை அவள்தான் அங்கே குளிரூட்டி அளக்கிறாள். இரும்பு, டெலூரியம், கந்தகம் சேர்த்துச் சூளையில் சுட்ட சிறு துண்டுகள். தண்ணீரில் ஊறிய துண்டு கடைசிவரை மின்தடையே இல்லாத மீகடத்தி ஆகவில்லை. பனங்கள்ளில் ஊறியதன் மின்தடை எட்டுக் கெல்வினுக்கு அருகே சரிந்து பூச்சியமாகிவிட்டது. பூச்சியம். பஸ்ஸில் நின்றபடி பார்த்தேன். இறங்கவேண்டிய இடம் போய்விட்டது.

அடுக்குகளுக்கு இடையில் சிக்கியிருந்த மிகை இரும்பைக் கள்ளின் புளிப்பு உருவியிருக்க வேண்டும். வெளிநாட்டில் வைனில் செய்ததைப் படித்துத்தான் அண்ணையைக் கள்ளு விற்கும் தவறணைக்கு அனுப்பினேன். ஊர்ச் சபையில் மதுவிலக்குப் பற்றிப் பேசுகிறவர் அப்பா. அவர் மறித்தால் அண்ணை இனிப் போகமாட்டார். பரிசோதனையும் நின்றுவிடும்.

சாப்பிடும்போது அப்பாவே கேட்டார்.

“எதிலை ஊறப்போட்டனி?”

“கள்ளிலை, அப்பா.”

அண்ணை புட்டிலிருந்து தலை நிமிரவில்லை. அப்பா தண்ணீர் குடித்து முடித்தார்.

“ஒருக்கா வந்ததை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. திரும்பச் செய்யவேணும், என்ன?”

“ஓம்.”

“அப்ப உவனை அனுப்பு. என்ரை சைக்கிளிலை மட்டும் போகவேண்டாம் எண்டு சொல்லு. மானிப்பாய் முழுக்க அதைத் தெரியும்.”

சிரித்தாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அண்ணையின் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்தேன்.