ஒரு சொட்டுகூட ஒழுகாத ஷீட்டு

செவ்வாய்க்கிழமை

கோபம் இன்னும் தணியவில்லை. அப்பாவின் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் புற்றுநோய். அபூர்வமான வகை, ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வந்திருக்கலாம் என்று போன வாரம் டாக்டர் சொன்னார். சேதராப்பட்டு கம்பெனிகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட்டை அறுத்து அறுத்துப் போட்டவர் அப்பா. அதனால்தான் எங்கள் பின்பக்கக் கொட்டகையின் அதே ஷீட்டுகளை இன்று ஆள் வைத்துக் கழற்றினேன். இறக்கி வைத்ததுதான் தாமதம், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வந்து நின்றாள்.

"தூக்கிப் போடறதுக்குப் பதிலா எங்களுக்குக் குடேன். சமையல் கொட்டாய்க்கு ஆவும்."

அப்பாவுக்கு வந்ததே இதனால்தான் என்று கத்தினேன்.

"குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லிடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மூச்சு வாங்க வாங்க, "நல்ல ஷீட்டும்மா. ஒரு சொட்டு ஒழுவாது. எடுத்துட்டுப் போ" என்றார். அவர் போட்ட ஷீட்டு, அவரே கொடுக்கிறார். நான் யார் தடுக்க?

சாயங்காலமே அங்கே மிஷின் வைத்து அறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். அப்பா கட்டிலிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டார். இப்போதாவது புரிந்ததே என்று கிட்டே போனேன்.

"தண்ணி ஊத்தி அறுக்கச் சொல்லும்மா. தூசி பறக்குது பாரு. ஸ்டெல்லா கொடியில துணி காயப் போட்டிருக்கா."